லினக்ஸ் போனை மெயின் போனா வச்சு நம்ம ஊர்ல பொழைக்க முடியுமா?

நொய்யல்:
வணக்கமுங்க. ரொம்ப நாளா மண்டையில ஓடிக்கிட்டு இருக்கற விஷயம், இங்க கேட்டா தெளிவாகும்னு போடறேன். கையில இருக்கற ஆண்ட்ராய்டு போன் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிகூட மோசமில்ல, ஆனா கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கறத நிறுத்திட்டான், செக்யூரிட்டி பேட்ச் எப்பவோ வந்ததோட சரி. ஆபீஸ்ல நாள்பூரா டெபியன் லினக்ஸ் சர்வரோடதான் பொழப்பு, வீட்டு லேப்டாப்லயும் டெபியன்தான், அப்புறம் பாக்கெட்ல இருக்கற ஒன்னு மட்டும் ஏன் இன்னொருத்தன் சொல்றபடி ஆடணும்னு ஒரு கடுப்பு. லினக்ஸுக்குன்னே வந்த பைன்போன், லிப்ரம் 5, இல்லைன்னா செகண்ட் ஹேண்ட்ல போக்கோ எஃப்1 ஆண்ட்ராய்டு போன வாங்கி போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ங்கற லினக்ஸ் போடறது, இந்த மூணும் மனசுல இருக்கு. எனக்கு வேண்டியது பெருசா ஒன்னும் இல்லீங்க, கால், எஸ்எம்எஸ், ஓடிபி, வாட்சப், ஜிபே, மேப். போட்டோ பைத்தியம் கிடையாது, கேமும் ஆடறதில்ல. சிம் ஜியோ. யூஸ் பண்ணவங்க நல்லது கெட்டது ரெண்டையும் ஒளிக்காம சொல்லுங்க.

ரீபூட்_ராசா:
"பெருசா ஒன்னும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டு ஜியோ, ஜிபே ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டீங்க பாருங்க, அங்க சிரிச்சவன் இன்னும் நிறுத்தல தலைவா. அதோட ஒரு சந்தேகம், ஆண்ட்ராய்டுக்கு அடியிலயும் லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்தானே ஓடுது, நீங்க ஏற்கனவே லினக்ஸ் போன்தான் வச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்கு காசு செலவு?

சுடோ_சுந்தரி:
ராசா, கர்னல் லினக்ஸ்தான், யாரு இல்லேன்னா. ஆனா அது அந்த சிப் கம்பெனி ஒரு காலத்துல வெட்டி ஒட்டி வச்ச பழைய கர்னல், அதுக்கு மேல மூடின ட்ரைவர், அதுக்கு மேல கூகுள் ப்ளே சர்வீசஸ். நொய்யல் கேக்கறது அவர் லேப்டாப்ல ஓடற மாதிரி ஆப்ட்ங்கற கமாண்ட்ல அப்டேட் போட்டா கர்னல்ல இருந்து கால்குலேட்டர் வரைக்கும் புதுசாகற சங்கதி. ரெண்டும் வேற வேற.

நொய்யல் அண்ணா, என்கிட்ட பைன்போன் இருக்கு, கன்வர்ஜென்ஸ் எடிஷன், 3 ஜிபி ரேம் 32 ஜிபி ஸ்டோரேஜ். அப்ப 199 டாலர், சின்ன மாடல் 2 ஜிபி 16 ஜிபி 149 டாலர். உள்ள இருக்கறது ஆல்வின்னர் ஏ64 சிப், நாலு கார்டெக்ஸ் ஏ53 கோர், கிராபிக்ஸுக்கு மாலி 400. இந்த சிப் டேப்லெட்டுக்கும் சின்ன போர்டுக்கும்னு வந்த ஐட்டம், 2020லயே அது பழசு. அதனால வேகத்தப் பத்தி எதிர்பார்ப்பே வச்சுக்காதீங்க. ஃபயர்ஃபாக்ஸ் திறந்தா திறக்கும், உடனே இல்ல. நாலஞ்சு டேப் போட்டு நியூஸ் சைட் ஒன்னு திறந்தீங்கன்னா ஸ்க்ரோல் பண்றது உங்க விரலுக்குப் பின்னாடி வந்துக்கிட்டு இருக்கும்.

ஆனா அந்த போனோட பின் மூடிய கழட்டிப் பாருங்க, அங்கதான் மனசு போயிரும். ஆறு குட்டி சுவிட்ச் வரிசையா இருக்கும், பேனா முனை வச்சுத்தான் தள்ள முடியும். நெட்வொர்க்கோட பேசற மோடம், வைஃபை புளூடூத், மைக், பின் கேமரா, முன் கேமரான்னு ஒவ்வொன்னுக்கும் ஒன்னு. ஆறாவது ஹெட்போன் ஜாக்குக்கு, அத ஆஃப் பண்ணா அதே ஓட்டை சீரியல் கன்சோலா மாறிடும், கேபிள் மாட்டி போன் பூட் ஆகறத லேப்டாப்ல வரி வரியா பாக்கலாம். மைக்க ஆஃப் பண்ணா நிஜமாவே ஆஃப், ஸ்க்ரீன்ல ஐகான் சொல்றத நம்ப வேண்டியதில்ல. பேட்டரி கழட்டற டைப், சாம்சங் ஜே7 பேட்டரி அளவு, அதனால ஊர்ல கிடைக்கும். எஸ்டி கார்டுல வேற ஓஎஸ் எழுதி சொருகினா அதுல இருந்துதான் முதல்ல பூட் ஆகும், உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். காலையில போனுக்கான டெபியனான மோபியன், சாயங்காலம் ப்ளாஸ்மா மொபைல் இருக்கற இன்னொரு லினக்ஸ்னு மாத்தி மாத்தி பாத்த காலம் உண்டு. போன ப்ரிக் பண்ணி வெறும் செங்கல்லா ஆக்கிடுவோமோங்கற பயமே இல்லாத ஒரே போன் இதுதான்னு சொல்வேன்.

இப்ப கெட்டது. ஸ்க்ரீன் ஆஃப் ஆனதும் போன் சஸ்பெண்ட் போகும், அதாவது மெயின் சிப் தூங்கிடும், மோடம் மட்டும் முழிச்சிருக்கும். கால் வந்தா மோடம் சிப்ப எழுப்பி, சிப் எழுந்து, ஸ்க்ரீன் வந்து, ரிங் அடிக்கறதுக்குள்ள கூப்பிட்டவங்களுக்கு பல ரிங் போயிருக்கும். எங்கம்மா மாதிரி பொறுமை இல்லாதவங்க கட் பண்ணிடுவாங்க. சஸ்பெண்ட் வேணாம்னு விட்டா அரை நாள் பேட்டரி நிக்கறதே பெருசு. அலாரம் இன்னொரு கூத்து, போன் தூங்கிட்டா க்ளாக் ஆப்பும் தூங்கிடும், அலாரம் அடிக்காது. அதுக்குன்னு லினக்ஸ்ல சேவைகள நடத்தற சிஸ்டம்டியோட டைமர்ல சிஸ்டத்த எழுப்பற ஆப்ஷன் போட்டு நானே ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி வச்சிருக்கேன். அலாரம் வைக்க ஸ்க்ரிப்ட் எழுதணுமான்னு எங்க வீட்ல கேட்டாங்க, பதில் சொல்லல.

கேமரா பின்னாடி 5 மெகாபிக்சல். ரசீது, விசிட்டிங் கார்டு, வெளிச்சத்துல எடுத்தா படிக்கற மாதிரி வரும். அவ்ளோதான்.

நொய்யல்:
சுந்தரி அக்கா நல்லா வெவரமா சொன்னீங்க, நன்றி. கேமரா, வேகம் ரெண்டையும் பொறுத்துக்கலாம். கால் வராம போறதுதான் யோசிக்க வைக்குது. அப்புறம் ராசா ஜியோன்னு சிரிச்சதுக்கு காரணம் வோல்ட்டியா, அதான் 4ஜி வழியாவே போற குரல் கால்?

ரீபூட்_ராசா:
ஆமா, சிரிச்சதுக்கு மன்னிக்க, ஆனா விஷயம் சீரியஸ். ஜியோ 2016ல வந்தப்பவே 2ஜி 3ஜி இல்லாம நேரா 4ஜியோடதான் வந்தான். அதனால அவன் நெட்வொர்க்ல குரல் கால்னாலே வோல்ட்டிதான், கீழ எறங்க படியே கிடையாது. ஏர்டெல் 3ஜிய மூடிட்டான், ஆனா 2ஜி இருக்கு, வோல்ட்டி வேலை செய்யலன்னாலும் கால் 2ஜிக்கு இறங்கி வந்துடும். அதனால லினக்ஸ் போன்னு முடிவு பண்ணா முதல்ல 2ஜி இருக்கற சிம்முக்கு போர்ட் பண்ணுங்க, அப்புறம் போன் தேடுங்க. எல்லாரும் இத தலைகீழா பண்ணிட்டு வந்து புலம்பறாங்க.

சுடோ_சுந்தரி:
ராசா சொன்னது சரி. பைன்போன்ல இருக்கற குவெக்டெல் மோடத்துக்கு வோல்ட்டி தெரியும், அலைவரிசை பேண்டும் நம்ம ஊருக்கு ஒத்துப்போகும், 3, 5, 40 எல்லாம் இருக்கு. ஆனா மோடத்துக்குள்ள ஆபரேட்டர் வாரியா ஒரு ப்ரொஃபைல் இருக்கணும், உங்க ஆபரேட்டருக்கு இல்லேன்னா பொதுவான ப்ரொஃபைல் ஒன்னு இருக்கு, அத மோடத்துக்கு நேரா அனுப்பற ஏடி கமாண்ட் போட்டு தேர்ந்தெடுத்து முயற்சி பண்ணணும். போகுதா இல்லையாங்கறது அந்தப் பக்க நெட்வொர்க் ஒத்துக்கறதப் பொறுத்தது. ஒரு ஊர்ல போனது இன்னொரு ஊர்ல போகாம இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை, அந்த மோடத்துக்குள்ளயே தனியா ஒரு குட்டி லினக்ஸ் ஓடுது. அதையும் ஆளுங்க தோண்டி எடுத்து, கம்பெனி ஃபர்ம்வேருக்கு பதிலா பெரும்பாலும் திறந்த மூலத்துல ஒன்னு எழுதி வச்சிருக்காங்க. போன் வாங்கினா கம்ப்யூட்டர் ஒன்னு இல்ல ரெண்டு.

வன்னிக்காட்டான்:
வணக்கம். நான் ஜேர்மனியில இருக்கிறன், வொல்லா போன்ல உபுண்டு டச் எண்ட லினக்ஸ் போட்டு மெயின் போனாத்தான் பாவிக்கிறன். நீங்கள் சொல்லுற கரைச்சல் எனக்கு அவ்வளவு இல்லை, அதுக்குக் காரணம் போன் நல்லது எண்டது இல்லை, இஞ்சத்த நிலவரம் வேற. இஞ்ச 2021ல 3ஜிய நிப்பாட்டினவங்கள், ஆனா 2ஜி இருக்கு, அதால கோல் எடுக்கிறதுக்குப் பிரச்சினை வரேல்ல. பாங்க் அலுவலுக்கு சின்னக் கல்குலேட்டர் மாதிரி ஒரு மெசின் தருவினம், அதுக்குள்ள பாங்க் கார்ட்ட செருகினா நம்பர் தரும், அத பிரவுசர்ல அடிச்சால் காசு போகும். போன் ஆப்பே தேவையில்லை. கடையில கார்ட் இல்லாட்டி கைக்காசு. ஆக மொத்தம் என்ர போன்ல பாங்க் ஆப் இல்லை எண்டு ஒருநாளும் நான் யோசிச்சதே இல்லை.

உபுண்டு டச் பற்றி ரெண்டு கதை. உபுண்டுவின்ர கம்பனி கனோனிக்கல் 2013ல உபுண்டு எட்ஜ் எண்ட போனுக்கு 32 மில்லியன் டொலர் சேர்க்க வெளிக்கிட்டு அரைவாசியும் வரேல்ல. பிறகு 2015ல பிக்யூ போன்ல விட்டவங்கள், 2017ல கைவிட்டவங்கள். யூபிபோர்ட்ஸ் எண்டு சனம் சேர்ந்து தூக்கி நடத்துது. கம்பனி கைவிட்டாலும் சாமான் சாகேல்ல எண்டதுக்கு இதவிட உதாரணம் வேண்டாம். ஆனா ஒண்டு, இதில பெரும்பாலான போன்ல அடியில அன்ட்ரொய்ட் ட்ரைவர்தான், ஹேலியம் எண்ட இடைத்தட்டு வைச்சு ஓட்டுறது. அதால கமரா நல்லா வேலை செய்யும், பற்றரி நல்லா நிக்கும், ஆனா கேர்னல் பழசுதான். நொய்யல் அண்ணை எது முக்கியம் எண்டு முதல்ல தீர்மானிக்க வேணும்.

கட்டச்சுவர்:
இங்க எல்லாரும் "சுதந்திரம்"னு பேசறீங்க, பாதுகாப்பு பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல, அதனால நான் வில்லன் வேஷம் போட்டுக்கறேன். நொய்யல், உங்க முதல் பதிவுலயே செக்யூரிட்டி பேட்ச் வரலன்னுதான் புகார். நியாயம். ஆனா ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்பும் தனி யூசர் மாதிரி பெட்டிக்குள்ள இருக்கு, பூட் ஆகறப்பவே சிஸ்டம் மாறியிருக்கான்னு சரிபார்க்கும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், மோபியன் இதுலயெல்லாம் நீங்க ஆப்ட்லயோ ஏபிகேங்கற கமாண்ட்லயோ (ஆண்ட்ராய்டு ஏபிகே ஃபைல் இல்ல) போடற ப்ரோக்ராம் உங்க ஹோம் ஃபோல்டர் மொத்தத்தையும் படிக்கலாம், லேப்டாப்ல எப்படியோ அப்படி. ப்ரோக்ராம தனிப் பெட்டியில ஓட்டற ஃப்ளாட்பேக்ல போட்டா ஓரளவு அடைப்பு உண்டு. டிஸ்க் என்க்ரிப்ஷன் போடலாம், அத கண்டிப்பா போடுங்க. ஆனா தொலைஞ்ச போன் ஒருத்தன் கையில கிடைச்சா யாருது பலமா நிக்கும்னு கேட்டா, அப்டேட் வர்ற ஆண்ட்ராய்டுதான்.

ஒரே ஒரு இடத்துல பைன்போன், லிப்ரம் ரெண்டையும் பாராட்டுவேன். மோடம் யூஎஸ்பில தனியா தொங்குது, மெயின் மெமரிக்குள்ள நேரா கை விட முடியாது. அதோட லிப்ரம்ல மூணு சுவிட்ச் பக்கவாட்டுல வெளியவே இருக்கும், மூடி கழட்ட வேணாம்.

நொய்யல்:
லிப்ரம் பத்தி அதுக்கு மேல யாரும் பேசலியே?

கட்டச்சுவர்:
பேச என்ன இருக்கு, விலையக் கேட்டா பேச்சு நின்னுடும். 2017ல முன்பதிவுக்கு 599 டாலர்னு ஆரம்பிச்சு அப்புறம் ஒரு கட்டத்துல ஆயிரத்தயும் தாண்டிச்சு. 3 ஜிபி ரேம், 32 ஜிபி. நம்ம ஊருக்கு கஸ்டம்ஸ் கட்டி எடுத்தா ஒரு நல்ல லேப்டாப் காசு. ஒன்னு மட்டும் ஒத்துக்கணும், அந்தக் கம்பெனி இதுக்காக எழுதின ஃபாஷ்ங்கற ஸ்க்ரீன்தான் இன்னைக்கு பைன்போன்லயும் போக்கோலயும் பாதி பேர் ஓட்டறது. வாங்காதவங்களும் அனுபவிக்கறாங்க.

பழைய_நோக்கியா:
இந்த இழைய மூனு நாளா படிச்சிட்டு வாய மூடிட்டு இருந்தேன், முடியல மக்கா. நீங்க எல்லாரும் கேக்கற போன் 2009லயே வந்தாச்சு. நோக்கியா என்900. மேமோ 5ங்கற லினக்ஸ், டெபியன் பேக்கேஜ், டெர்மினல் பெட்டியிலேயே வரும், ஸ்லைட் பண்ணா கீபோர்டு, 32 ஜிபி உள்ளயே. ரேம் வெறும் 256 எம்பி, அதுல ஒரே நேரத்துல பத்து ஜன்னல திறந்து வச்சு தள்ளித் தள்ளி பாத்திருக்கோம். பேட்டரி பிஎல்-5ஜே, மொபைல் கடையில எப்ப போனாலும் தருவான், ஏன்னா அதே பேட்டரி வேற எத்தனையோ நோக்கியாவுல போகும். குறையே இல்லையான்னா உண்டு, சார்ஜர் ஓட்டை போர்டுல இருந்து பிஞ்சு வர்றது அந்த மாடலுக்கே பேர் போன வியாதி. டச்சும் நகத்தால அழுத்தற பழைய டைப்.

2011ல என்9 வந்துச்சு, பட்டனே இல்லாம ஓரத்துல இருந்து தள்ளறது, இன்னைக்கு எல்லா போன்லயும் அதான். வந்த வருஷமே கம்பெனி விண்டோஸ் பக்கம் போயாச்சு. அங்க இருந்து வெளிய வந்த ஆளுங்க ஆரம்பிச்சதுதான் யோல்லா கம்பெனி. அதுவும் நம்ம நாட்டுக்கு வந்துச்சு, 2014ல ஸ்னாப்டீல்ல யோல்லா போன், 2016ல இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ், ஐயாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு யோல்லாவோட லினக்ஸான செயில்ஃபிஷ் ஓஎஸ். எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு? அந்த விலையில அத கடையில வச்சு வித்திருக்கான்னு சொன்னா இப்ப பசங்க நம்ப மாட்டேங்கறான். அதே வருஷம் செப்டம்பர்லதான் ஜியோவும் வந்துச்சு, நவம்பர்ல பணமதிப்பு நீக்கம், அதுக்கப்புறம் எல்லாமே ஆப்பு. ஒரு நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா கதையே வேற மக்கா.

ரீபூட்_ராசா:
அண்ணாச்சி நீங்க சொன்ன "எல்லாமே ஆப்பு"தான் மேட்டரே. செயில்ஃபிஷ்ல ஆண்ட்ராய்டு ஆப் ஓட்டற வசதி இருக்கு, ஆனா அது காசு குடுத்து வாங்கற லைசென்ஸ், சோனி எக்ஸ்பீரியாவுக்கு, வித்தது ஐரோப்பா பக்கத்து நாடுகளுக்கு. நமக்கு இல்ல. மத்ததுல வேட்ராய்டு போட்டு ஆண்ட்ராய்ட ஒரு கன்டெய்னருக்குள்ள ஓட்டலாம், வாட்சப் அதுல ஓடும், ஓடிபிய லினக்ஸ் பக்கத்துல படிச்சு இங்க டைப் பண்ணா வேலை முடிஞ்சுது. யூபிஐ ஆப் ஓடாது. ஏன்னா அது நம்பர் உங்களோடதான்னு பாக்க, அந்த சிம்முல இருந்தே எஸ்எம்எஸ் அனுப்பும். கன்டெய்னருக்குள்ள சிம்மே தெரியாது, அனுப்ப வழியில்ல. அதத் தாண்டினாலும் இது கூகுள் சரிபார்த்த போனான்னு கேக்கும்.

டீக்கடையில ஸ்கேன் பண்ணாம இருக்க முடியுமான்னு நீங்களே யோசிங்க. நேத்து எங்க தெரு இளநீர்க்காரர் அம்பது ரூபா நோட்ட நீட்டினா சில்லறை இல்லைங்கறார், க்யூஆர் அட்டையத்தான் காட்டறார்.

சுடோ_சுந்தரி:
ராசா, முழுசா கதவு அடைக்கல. ஸ்டார் 99 ஹேஷ் இருக்கு, நெட்டே இல்லாம யூஎஸ்எஸ்டி மெனுவுல யூபிஐ. 2022ல பட்டன் போனுக்குன்னு 123பே வேற வந்துச்சு. ஃபாஷ்ல இருக்கற கால்ஸ் ஆப் யூஎஸ்எஸ்டி மெனுவ திறக்கும். ஆனா க்யூஆர் ஸ்கேன் இல்ல, கடைக்காரர் நம்பர கேட்டு அடிக்கணும், பின்னாடி நாலு பேர் நிப்பாங்க. ஆன்லைன்ல வாங்கறதுக்கு பிரவுசர்ல கார்டு போட்டு எஸ்எம்எஸ் ஓடிபி, அது பக்காவா வேலை செய்யுது, கரண்ட் பில், ரயில் டிக்கெட் எல்லாம் அப்படித்தான் கட்டறேன். தெருவுல மட்டும் கைக்காசு. நான் உண்மையச் சொல்றேன், என் பைல இன்னொரு சாதா ஆண்ட்ராய்டு போனும் கிடக்கு, ஜிபேக்கும் வாட்சப்புக்கும். வாட்சப்ப லினக்ஸ் போன்ல லிங்க் பண்ணி பிரவுசர்ல பாத்துக்குவேன், மெயின் போன 14 நாளைக்கு மேல தொடாம விட்டா அது லாக் அவுட் பண்ணிடும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்.

கட்டச்சுவர்:
ஆக ரெண்டு போன். அப்ப மெயின் போன் எதுங்க அக்கா?

சுடோ_சுந்தரி:
எது தொலைஞ்சா எனக்கு அழுகை வருமோ அது. பைன்போன்தான். அதுல என் நோட்ஸ், தூரத்து சர்வருக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச் சாவி, மெயில், பாட்டு, எல்லாத்தையும் ஆர்சிங்க்ல லேப்டாப்போட ஒத்து வச்சிருக்கேன். பஸ்ல போறப்ப சர்வர் கீழ விழுந்தா எஸ்எஸ்ஹெச் போட்டு எழுப்பியிருக்கேன், 6000 எம்ஏஹெச் பேட்டரியோட ஒரு கீபோர்டு கேஸ் இருக்கு, அத மாட்டிட்டா சின்ன லேப்டாப். ஆண்ட்ராய்டுலயும் டெர்மக்ஸ்ங்கற டெர்மினல் ஆப் இருக்கு, தெரியும், ஆனா அது விருந்தாளி, இது வீட்டுக்காரன்.

தமிழ் பத்தி யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். எழுத்து காட்டறதுல பிரச்சினையே இல்ல, நோட்டோ ஃபான்ட் போட்டா கொம்பு, கால் எல்லாம் ஒழுங்கா உக்காரும். டைப் பண்றதுதான் சள்ளை, ஜிபோர்டுல பேசிப் பேசி டைப் பண்ணி பழகினவங்களுக்கு இங்க அது கிடையாது. நீளமா தமிழ்ல எழுதணும்னா கீபோர்டு கேஸ்தான் எனக்கு.

நொய்யல்:
அப்ப போக்கோ எஃப்1 எப்படிங்க? அதப் பத்திதான் யாரும் இன்னும் சொல்லல. வேகம் இருக்குமே.

கட்டச்சுவர்:
வேகம் இருக்கும். ஸ்னாப்டிராகன் 845, 6 ஜிபி ரேம், 4000 எம்ஏஹெச், 2018ல இருபத்தோராயிரத்துக்கு வந்த போன், இப்ப செகண்ட் ஹேண்ட் சல்லிசா கிடைக்குது. முக்கியமான விஷயம், இந்த 845 சிப்புக்கு லினக்ஸோட அசலான மெயின்லைன் கர்னல்லயே நல்ல ஆதரவு இருக்கு, ஒன்ப்ளஸ் 6, 6டி, போக்கோ எஃப்1 மூணும் அந்தக் கூட்டம். ஹேலியம் ஒட்டுவேலை இல்லாம நேரா புது கர்னல். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆளுங்க 2017ல ஆரம்பிச்சப்ப சொன்னதே ஒரு போன் பத்து வருஷம் உழைக்கணும்னுதான். உங்க முதல் புகாருக்கு நேரான மருந்து இதுதான்.

விலை என்னன்னா, கேமரா இல்லைன்னு நினைச்சுக்கிட்டே வாங்குங்க. வோல்ட்டிக்கு பின்னணியில ஓடற டீமன் ஒன்னு தனியா போடணும், அது இன்னும் பரிசோதனைக் கட்டம், 2ஜி சிம்மோட போனா நிம்மதி. பேட்டரி ஆண்ட்ராய்டுல நின்ன அளவுக்கு நிக்காது. மைக், மோடத்த எல்லாம் நிறுத்தற கில் சுவிட்ச், கழட்டற பேட்டரி, எஸ்டி கார்டு பூட், இது ஒன்னும் கிடையாது, அந்த விஷயத்துல பைன்போன் கிட்ட நெருங்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் பறக்கும்.

வன்னிக்காட்டான்:
பாவிச்ச போன் வாங்கேக்க பற்றரி ஊதியிருக்கோ எண்டு பாருங்கோ, பின்மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிண்டால் வேண்டாம். 2018ல வந்த போன்.

நொய்யல்:
சரிங்க, முடிவுக்கு வந்துட்டேன். இப்ப இருக்கற ஆண்ட்ராய்ட ஜிபேக்கும் வாட்சப்புக்கும் மட்டும்னு வச்சுட்டு ஜியோ சிம்ம அதுலயே விட்டுடறேன், வீட்ல இன்னொரு ஏர்டெல் நம்பர் சும்மா கிடக்கு, அத போக்கோவுல போட்டு மெயில், சர்வர் வேலை, மேப், பிரவுசர் எல்லாத்தையும் அங்க கொண்டு போறேன். ரெண்டு போன் தூக்கறது வெட்டி வேலைதான், ஆனா யூபிஐகாரங்க மனசு மாறற வரைக்கும் வேற வழி தெரியல. பைன்போன் மேல ஆசை இருக்கு, அம்மா கால் வந்தா எடுக்க முடியாதுங்கறப்ப கை வரல. இங்கயே ஒருத்தர் வித்துக்கிட்டு இருக்கார், பாக்கப் போறேன். கவனிக்க வேண்டியது வேற ஏதாவது?

கட்டச்சுவர்:
ரெண்டு விஷயம். வேற ஓஎஸ் போட விடாம பூட்டியிருக்கற பூட்லோடர அன்லாக் பண்ண ஷாவ்மியோட எம்ஐ அக்கவுண்ட் கேக்கும், விண்ணப்பம் போட்டா பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருன்னு சொல்லும், அதுக்கான டூல் விண்டோஸ்ல ஓடறது, யார்கிட்டயாவது விண்டோஸ் லேப்டாப் கடன் வாங்கி வைங்க. விக்கறவர் ஏற்கனவே அன்லாக் பண்ணியிருந்தா விலைய ரொம்ப இழுக்காம வாங்கிடுங்க. அதைவிட முக்கியம், போக்கோ எஃப்1ல ரெண்டு வகை டிஸ்ப்ளே பேனல் உண்டு, டியான்மா, ஈபிபிஜின்னு. ரெண்டுக்கும் தனித்தனி ஓஎஸ் இமேஜ், மாத்திப் போட்டா ஸ்க்ரீன் ஒழுங்கா வராது. பெட்டியில எழுதியிருக்காது. ரெக்கவரிக்குள்ள போய் கர்னல் கமாண்ட்லைன பாத்தா பேனல் பேர் இருக்கும், அத பாத்துட்டு ஃப்ளாஷ் பண்ணுங்க.

நொய்யல்:
ஈபிபிஜிங்க. இமேஜ் இறங்கிக்கிட்டு இருக்கு.